கெஞ்சாதே தம்பி, அஞ்சாதே தங்கச்சி!

தம்பி, நடந்தது இவ்வளவுதான்: அவள் பதில் போடவில்லை. நீ அனுப்பிய செய்திக்கு நீலக் குறி விழுந்து இரண்டு நாளாகிறது. அதற்குள் உன் நிறம், உயரம், சம்பளம், நீ ஓட்டும் பழைய கார் என்று ஒவ்வொன்றையும் கூண்டில் ஏற்றித் தீர்ப்பும் எழுதிவிட்டாய். மாமாக் கடையில் கூட உட்கார்ந்திருக்கும் கூட்டாளி "பொண்ணுங்களே இப்படித்தான்டா" என்கிறான். நீயும் தலையாட்டுகிறாய்.

தங்கச்சி, உன் கதை வேறு. அவனைப் பார்த்தாய், பேசினாய், பிடிக்கவில்லை. அது குற்றமா? ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல உனக்கு வரவில்லை. "வேலை அதிகம்", "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை", "அப்புறம் பேசுறேன்" என்று நாளைக் கடத்துகிறாய். சொன்னால் அவன் வாசலில் வந்து நிற்பானோ, உன் படத்தை எங்காவது போட்டுவிடுவானோ, சொந்தக்காரர்களிடம் போய் என்ன சொல்வானோ என்று தூக்கம் கெட்டுக் கிடக்கிறாய்.

உங்கள் இருவருக்கும்தான் இதை எழுதுகிறேன். பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகிறவர்களுக்கு. கிள்ளானிலிருந்து கம்யூட்டர் ரயிலில் நின்றுகொண்டே கேஎல் சென்ட்ரல் வந்து சேர்கிறவர்களுக்கு. பூச்சோங் அடுக்குமாடி வீட்டில் அப்பா அம்மா தூங்கிய பிறகு போர்வைக்குள் கைப்பேசியோடு பேசுகிறவர்களுக்கு. நீங்கள் ஒருவரை ஒருவர் எதிரியாகப் பார்க்கத் தொடங்கிவிட்டீர்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் காதலில் வித்தியாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி பயத்தால் வந்தது. அவனுக்கு ஒரு பயம், அவளுக்கு வேறொரு பயம். பயத்தால் வந்ததைத் துணிவால் துடைத்தெறியலாம்.

முதல் சந்திப்பையே பாருங்கள். இடம் நியூ சென்ட்ரல் பேரங்காடி. அவன் புறப்படுவதற்கு முன் வங்கிக் கணக்கில் எத்தனை வெள்ளி மிச்சம் என்று பார்க்கிறான். படத்துக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு, பெட்ரோலுக்கு இவ்வளவு. பில் வரும்போது கை நடுங்கினால் மானம் போய்விடும் என்பது அவன் கவலை. அவள் புறப்படுவதற்கு முன் தோழிக்குச் செய்தி அனுப்புகிறாள்: இன்ன இடம், இன்னார், கிராப் வண்டியின் எண் இது, பத்து மணிக்குள் நான் பேசாவிட்டால் நீ கூப்பிடு. ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இந்த இருவரில் ஒருவர் தன்னை மதிப்பார்களா என்று தவிக்கிறார். மற்றவர் பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டும் என்று கணக்குப் போடுகிறார். இதைப் புரிந்துகொள்ளாமல் "அவள் ஏன் இவ்வளவு சந்தேகப்படுகிறாள்" என்று அவனும், "அவன் ஏன் இவ்வளவு பந்தா காட்டுகிறான்" என்று அவளும் மனம் கசந்து திரும்புகிறார்கள்.

செயலிகள் இந்த இடைவெளியை இன்னும் அகலமாக்கிவிட்டன. 2016இல் லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரத் டைசன் குழுவினர் டிண்டரை ஆராய்ந்தார்கள். ஆண்கள் ஏராளமான பெண்களுக்கு விருப்பம் தெரிவித்தார்கள். பெண்கள் மிகச் சிலரையே தேர்ந்தெடுத்தார்கள். சரி, பொருத்தம் அமைந்துவிட்டது, அதற்குப் பிறகு? செய்தி அனுப்பிய பெண்கள் 21 விழுக்காடு. ஆண்கள் 7 விழுக்காடு. ஆண்கள் அனுப்பிய செய்தியின் இடைநிலை நீளம் 12 எழுத்து, பெண்களுடையது 122.

தம்பி, அந்த 12 எழுத்தை யோசித்துப் பார். "ஹாய், சாப்டியா" என்பதோடு தீர்ந்துபோகிற நீளம். கிள்ளான் ஆற்றில் கண்ணை மூடிக்கொண்டு வலை வீசுகிறவனைப் போலக் கண்ணில் பட்ட படத்தையெல்லாம் வலப்பக்கம் தள்ளுகிறாய். யாராவது சிக்கினால், அவளிடம் சொல்ல உனக்கு ஒரு வாக்கியம் இல்லை. அவளோ அப்படி வந்து விழுந்த நூறு "ஹாய்"களுக்கு நடுவே எவன் மனிதன் என்று தேடிக் களைத்துப்போகிறாள். உன் செய்திக்குப் பதில் வராததற்கு உன் நிறம் காரணமென்று நீயாக முடிவு கட்டாதே. பத்துப் பேருக்கு ஒரே சொல்லை அனுப்புவதை நிறுத்து. ஒருத்தியின் பக்கத்தை முழுக்கப் படி. அவள் என்ன வாசிக்கிறாள், எந்தக் கோயில் திருவிழாவுக்குப் போனாள், எதைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று கவனித்து, நாலு வரி யோசித்து எழுது. அதற்கும் பதில் வராவிட்டால் தலை நிமிர்ந்து எழுந்து போ. உன் மதிப்பை ஒரு விரலசைவில் நிர்ணயிக்கும் அதிகாரத்தை எந்தக் கைப்பேசிக்கும் நீ எழுதிக் கொடுக்கவில்லை.

ஆணும் பெண்ணும் வெவ்வேறு கிரகத்தார் என்று 1992இல் அமெரிக்கர் ஜான் கிரே ஒரு புத்தகம் எழுதினார். உலகம் முழுவதும் விற்றது. இன்று "ஆல்பா ஆண்" வகுப்பெடுக்கிறவர்களும், "ஆண்களை எப்படி மடக்குவது" என்று பாடம் நடத்துகிறவர்களும் அந்தச் சரக்கையே திரும்பத் திரும்பப் பொட்டலம் கட்டுகிறார்கள். ஆனால் 2005இல் ஜேனட் ஹைட் என்ற உளவியலாளர், ஆண் பெண் வேறுபாடுகளைப் பற்றிய 46 தொகுப்பாய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார். அவற்றில் கண்ட வேறுபாடுகளில் 78 விழுக்காடு மிகச் சிறியவை, அல்லது இல்லவே இல்லை. மனத்தின் அடியில் நாம் அவ்வளவு தூரத்தில் இல்லை.

இன்னொரு ஆய்வு இதைவிடக் கூர்மையானது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ரோசன்ஃபெல்ட் 2015இல் சொன்னது: அமெரிக்காவில் மணமுறிவை முதலில் விரும்பியவர்களில் 69 விழுக்காட்டினர் பெண்கள். உடனே "பார்த்தீர்களா, பெண்களுக்குப் பொறுமை இல்லை" என்று கிளம்பிவிடாதீர்கள். அதே ஆய்வில், திருமணம் செய்யாமல் பழகியவர்களும் சேர்ந்து வாழ்ந்தவர்களும் பிரிந்தபோது அந்த வித்தியாசம் இல்லை. ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சம அளவிலேயே பிரிவைத் தொடங்கினார்கள். குணம் காரணமாக இருந்தால் அங்கும் அல்லவா தெரிந்திருக்க வேண்டும்? திருமணம் என்ற ஏற்பாட்டுக்குள் போன பிறகுதான் பெண்ணுக்கு மூச்சு முட்டுகிறது. பழைய வீட்டுச் சட்டதிட்டங்களோடு புதிய பெண்ணை அழைத்து வந்தால் அப்படித்தான் ஆகும்.

அந்தப் பழைய சட்டதிட்டம் நம் மண்ணில் எப்படி இருந்தது என்று நம் பாட்டிமார்களைக் கேட்டுப் பாருங்கள். 1930களில் இந்த நாட்டு ரப்பர் தோட்டங்களில் ஆணுக்கு நாள் கூலி 50 காசு என்று வைத்தால் பெண்ணுக்கு 40 காசு. அதே மரம், அதே பால் வாளி, அதே அதிகாலை. பத்துக் காசு குறைவு என்பது கூலிப் புத்தகத்தோடு நிற்கவில்லை. லயத்து வீட்டுக்குள் வந்தது, அடுப்படிக்குள் வந்தது, யார் முதலில் சாப்பிடுவது என்பது வரை வந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர். எச். நாதன் போன்றவர்களின் வழிகாட்டுதலில் வேலைநிறுத்தம் செய்தார்கள். துரையைப் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்கத் தேவையில்லை என்று கேட்டார்கள். கள்ளுக் கடையை மூடச் சொன்னார்கள். அதே பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: எங்கள் வீட்டுப் பெண்கள் மீது மேலதிகாரிகள் கைவைப்பது நிற்க வேண்டும். துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின, நாதன் நாடு கடத்தப்பட்டார். தம்பி, கிள்ளானில் உன் பாட்டன் எதற்காக உயிரைக் கொடுத்தான் என்பதை மறந்துவிடாதே. பெண்ணின் மானத்துக்காக வேலையைத் துறந்த ஆண்களின் பேரன் நீ. பெண்ணைக் கேலிப்பொருளாக்கும் காணொலியைக் கூட்டாளிகளோடு பகிர்ந்து சிரிப்பது உனக்கு அழகா?

தங்கச்சி, உனக்கும் ஒரு பாட்டி இருக்கிறாள். ராசம்மா பூபாலன். 1927இல் கோலாலம்பூரில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து பர்மா வரை போனவர். போர் முடிந்து ஆசிரியரானார். ஆண் ஆசிரியருக்கு ஒரு சம்பளம், பெண் ஆசிரியைக்கு அதைவிடக் குறைந்த சம்பளம் என்றிருந்த காலம் அது. 1960இல் பெண் ஆசிரியர்களுக்கென்று தொழிற்சங்கம் தொடங்கித் தலைமையேற்றார். சம வேலைக்குச் சம ஊதியம் என்று பல ஆண்டுகள் போராடி வென்றார்கள். இன்று உன் சம்பளப் பட்டியலில் ஆணுக்கு நிகரான தொகை அச்சாகிறது என்றால் அதன் பின்னால் அந்தக் குரல் இருக்கிறது. அந்தக் குரலுக்குப் பேத்தியான நீ, "எனக்கு விருப்பமில்லை" என்ற இரண்டு சொல்லைச் சொல்ல ஏன் நடுங்குகிறாய்?

1982 மார்ச் 1ஆம் தேதிக்கு முன்புவரை இந்நாட்டில் முஸ்லிம் அல்லாத ஆண், வழக்கம் என்ற பெயரில் இரண்டாம் தாரம் கட்டிக்கொள்ள முடிந்தது. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் அன்றுதான் நடைமுறைக்கு வந்து, ஒருவனுக்கு ஒருத்தி என்று எழுதிவைத்தது. பெண்கள் அமைப்புகள் தட்டித் தட்டித் திறந்த கதவு அது. இத்தனையும் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆணின் இயல்பு இது, பெண்ணின் இயல்பு இது என்று உங்களுக்குச் சொல்லப்பட்டவற்றில் பல, கூலிப் புத்தகத்திலும் சட்டப் புத்தகத்திலும் யாரோ எழுதியவை. மனிதர்கள் எழுதியதை மனிதர்களே அழித்திருக்கிறார்கள்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமானதற்கு வருகிறேன். மறுப்பு.

நம் திரைப்படங்கள் இளைஞனுக்கு ஒரு பாடத்தைப் பல தலைமுறையாக ஊட்டிவிட்டன. அவள் வேண்டாம் என்றால் பின்னாலேயே போ. பேருந்து நிறுத்தத்தில் நில். கையைக் கிழித்துக்கொள். கடைசியில் அவள் மனம் இளகுவாள், பாட்டு வரும். இது பச்சைப் பொய். நம் மரபும் இதை ஏற்றதில்லை. ஒருதலைக் காதலைக் கைக்கிளை என்று தொல்காப்பியம் தனியே ஒதுக்கி, இருவர் மனமும் ஒத்த அன்பின் ஐந்திணைக்கு வெளியே நிறுத்தியது. காதல் கைகூடாத தலைவன் பனைமடலில் குதிரை செய்து, எருக்கம்பூ சூடி, ஊர்த் தெருவில் ஏறி வருவேன் என்று சொல்வதைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. சொல்லோடு நிற்கும்வரை அதற்கு அகத்திணையில் இடமுண்டு. உண்மையிலேயே ஏறிவிட்டால்? அதைப் பொருந்தாக் காமமான பெருந்திணையில் சேர்த்துவிட்டார்கள். ஊர் முன்னால் மானத்தைக் காட்டி ஒரு பெண்ணைப் பணியவைப்பது காதலாகாது என்று தமிழன் அன்றைக்கே இலக்கணம் வகுத்துவிட்டான். இன்று அவளுடைய படத்தைப் போட்டு இன்ஸ்டாகிராமில் புலம்புவதும், "செத்துருவேன்" என்று நடு இரவில் குரல் பதிவு அனுப்புவதும் அதே மடலேற்றம்தான்.

இலக்கணம் போதவில்லை என்பதால் சட்டமும் வந்துவிட்டது. 2023 மே 31 முதல் மலேசியத் தண்டனைச் சட்டத்தில் 507ஏ என்ற பிரிவு நடப்பில் இருக்கிறது. ஒருவரைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது, வேண்டாத செய்திகளை அனுப்பிக்கொண்டே இருப்பது, வீட்டு வாசலிலோ வேலையிடத்திலோ சுற்றிச் சுற்றி வருவது, அவர் கேட்காத பொருள்களைக் கொடுத்து அனுப்புவது என்று அச்சமோ மனவேதனையோ உண்டாக்கினால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இரண்டு முறை செய்தாலே "திரும்பத் திரும்ப" என்ற கணக்கில் வந்துவிடும். 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் கணவன் மனைவிக்கும் குடும்பத்தாருக்கும் பாதுகாப்புத் தந்தது. வெறும் பழக்கத்தில் இருக்கிறவர்களுக்கு அது எட்டவில்லை. இந்தப் பிரிவு எல்லாருக்கும் பொருந்தும். தங்கச்சி, இதை நினைவில் வைத்துக்கொள். செய்திகளை அழிக்காதே. திரைப்பிடி எடுத்து வை. தேதி, நேரம் குறித்து வை. வீட்டில் நீ நம்பும் ஒருவரிடம், அக்காவோ அத்தையோ, இன்றைக்கே சொல். காவல் நிலையத்தில் புகார் கொடுப்பதால் உன் பெயர் கெடாது. கெட வேண்டிய பெயர் அவனுடையது.

தம்பி, இதைப் படித்து முகம் சுளிக்காதே. உன்னைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. உன் வலி எனக்குத் தெரியும். பெண்ணுக்கு மனம் உடைந்தால் தோழி வருவாள், அக்கா வருவாள், மடியில் போட்டுத் தலையைக் கோதிவிடுவார்கள். உனக்கு? "ஆம்பளை அழக்கூடாது" என்று சின்ன வயதிலேயே உன் தொண்டையை அடைத்துவிட்டார்கள். கூட்டாளிகள் ஆறுதல் என்று கையில் பாட்டிலைத் திணிப்பார்கள். மலேசியாவில் தற்கொலை செய்துகொள்கிறவர்களில் ஆண்கள்தான் மிகுதி. இந்த ஊமைத்தனம் ஆளைக் கொல்கிறது. 2023 செப்டம்பர் முதல் தற்கொலைக்கு முயல்வது இந்நாட்டில் குற்றமில்லை; உதவி கேட்டால் வழக்கு வரும் என்ற அச்சம் இனி வேண்டாம். 1970 முதல் கோலாலம்பூரில் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பினர் இரவும் பகலும் தொலைபேசியில் காது கொடுக்கிறார்கள். 03-7627 2929. கூப்பிடு. அண்ணனிடம் பேசு. அப்பாவிடம்கூடப் பேசு, அவரும் ஒரு காலத்தில் இருபத்து மூன்று வயதுப் பையன்தான். மறுப்பைக் கேட்டு, அழுது, முகம் கழுவி, மறுநாள் வேலைக்குப் போகிறவனைவிட வீரன் யார்?

தங்கச்சி, உன்னிடம் இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. வேண்டாம் என்பதைச் சொல்லப் பழகு என்றேன். பிடித்திருக்கிறது என்பதையும் நீயே சொல்லப் பழகு. அவன் முதலில் சொல்லட்டும், அவன் முதலில் கூப்பிடட்டும், அவன் பில் கட்டட்டும், அவன் சொந்த வீடு வாங்கிய பிறகு பார்க்கலாம் என்று காத்திருப்பது நீ மறுக்கிற அந்தப் பழைய ஏற்பாட்டின் மறுபக்கம். உன் படிப்பு அவனைவிட உயர்ந்திருக்கலாம். இந்நாட்டுப் பொதுப் பல்கலைக்கழகங்களில் பெண்கள்தான் இன்று பெரும்பான்மை. காரையும் கடிகாரத்தையும் பார்த்து ஆளை எடை போடாதே. கோபம் வந்தால் எப்படிப் பேசுகிறான், உணவகத்தில் மேசை துடைக்கும் பையனை எப்படி நடத்துகிறான், உனக்குப் பதவி உயர்வு வந்த அன்று அவன் முகம் எப்படி இருந்தது என்று பார். சின்ன சம்பளம் வளரும். சின்ன மனசு வளருமா என்பது சந்தேகம்.

அந்தப் பதவி உயர்வு அன்று உன் முகத்தைத்தான் சொல்கிறேன், தம்பி. அவள் உன்னைவிட ஆயிரம் வெள்ளி கூடுதலாகச் சம்பாதித்தால் அது உன் தோல்வியா? வீட்டுக்கு வருகிற ஆயிரம் வெள்ளி! மலேசியாவில் வேலை செய்யும் வயதிலுள்ள ஆண்கள் நூற்றுக்குச் சுமார் 83 பேர் தொழில் சந்தையில் இருக்கிறார்கள்; பெண்கள் சுமார் 56 பேர். பட்டம் வாங்கிய பெண்கள் எங்கே போனார்கள்? பிள்ளையோடும் பெரியவர்களோடும் வீட்டுக்குள் போனார்கள். 2023 ஜனவரி 1 முதல் தனியார் துறையில் தாய்க்குப் பேறுகால விடுப்பு 98 நாள், தந்தைக்கு 7 நாள். அரசாங்கம் ஏழு நாளோடு நிறுத்திக்கொண்டது. நீ எட்டாம் நாளும் எழுந்து பால் புட்டியைக் கழுவு. அது உன் ஆண்மைக்குக் குறைவு என்று சொல்கிற கூட்டாளியின் சகவாசத்தை விடு.

இப்போது காதல் கனிந்து, இரு வீட்டாரும் பேசி, கல்யாணம் என்று வந்து நிற்கிறீர்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் நம்மவர்கள் பலர் முதலில் ஆர்ஓஎம் என்கிற சட்டப்படியான திருமணப் பதிவை முடித்துவிடுகிறார்கள். வீடு வாங்க வேண்டும், கடன் எடுக்க வேண்டும், நல்ல நாளில் மண்டபம் கிடைக்கவில்லை, தாலி கட்டுவது அடுத்த வருஷம் என்கிறார்கள். "சும்மா ரிஜிஸ்டர்தானே" என்று ஒரு பேச்சு வேறு. சும்மா இல்லை. கையெழுத்துப் போட்ட நொடியில் சட்டப்படி நீங்கள் கணவன் மனைவி. இடையில் மனம் மாறினால், இருவரும் ஒத்துக்கொண்டாலும்கூட, திருமணத் தேதியிலிருந்து இரண்டு ஆண்டு ஆகாமல் பொதுவாக மணவிலக்கு மனுவே போட முடியாது. ஒருவர் மட்டும் பிரிய நினைத்தால் பொதுவாக முதலில் சமரசக் குழுவின் முன் போய் நிற்க வேண்டும். தாலியே கட்டாத பெண்ணும், மாலையே போடாத பையனும் நீதிமன்ற வாசலில் நிற்பது சாதாரணக் காட்சியா?

ஆகையால் அந்தக் கையெழுத்துக்கு முன் ஒரு மாலை நேரம் இருவர் மட்டும் உட்காருங்கள். துன் சம்பந்தன் சாலையில் ஏதாவது ஒரு சாப்பாட்டுக் கடை போதும். உன் கடன் எவ்வளவு, என் கடன் எவ்வளவு என்று எண்ணைச் சொல்லுங்கள். யார் வீட்டில் இருப்போம், உன் அம்மாவுக்கு மாதம் எவ்வளவு, என் அம்மாவுக்கு எவ்வளவு என்று பேசுங்கள். பிள்ளை எப்போது, பிறந்தால் யார் வேலையைக் குறைத்துக்கொள்வது, வீட்டுப் பத்திரத்தில் யார் பெயர் என்று கேளுங்கள். தம்பி, அவள் கேட்கும் கேள்வியை அவமானமாக எடுத்துக்கொள்ளாதே. தங்கச்சி, கேட்டால் அவன் போய்விடுவானோ என்று விழுங்காதே. கேள்விக்குப் பயந்து போகிறவன் இன்றைக்கே போகட்டும். பதில்கள் பிடித்திருந்தால் பேனாவை எடுங்கள். பிடிக்காவிட்டால் இருவரும் நல்லபடியாகச் சொல்லிக்கொண்டு எழுந்து, சாப்பாட்டுக் காசை ஆளுக்குப் பாதியாகக் கட்டிவிட்டு வீடு போய்ச் சேருங்கள்.